அந்தமானில் குறைந்த செலவில் கூடார முகாம்: திட்டமிடும் முறை

கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு அந்தமானுக்குப் போனால் அறை வாடகை மிச்சம் என்று நினைத்துக் கிளம்புகிறவர்கள் பலர். அங்கே பணம் அதிகம் கரையும் இடம் படகுத்துறை என்பது போய் இறங்கிய பிறகுதான் அவர்களுக்குத் தெரியவருகிறது. ஆகவே இந்தப் பயணத்துக்கான திட்டத்தைக் கூடாரத்திலிருந்து தொடங்காமல், எத்தனை தீவுகள், எந்தப் படகு, எத்தனை இரவுகள் என்ற மூன்று கேள்விகளிலிருந்து தொடங்குவதே சரி.

ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பாருங்கள். இருவர் தலைநகரான போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக் தீவு, அங்கிருந்து நீல் தீவு, நீலிலிருந்து மீண்டும் போர்ட் பிளேர் என மூன்று படகுப் பயணங்கள் செய்கிறார்கள். தனியார் விரைவுப் படகில் ஒரு சீட்டு சராசரியாக 1,500 ரூபாய் என்று வைத்தால் இருவருக்கும் 9,000 ரூபாய் ஆகிறது. அதே பயணத்தை அரசுப் படகில் சீட்டுக்கு 500 ரூபாய் வீதம் செய்தால் 3,000 ரூபாயில் முடிகிறது. இப்போது தங்குமிடத்துக்கு வருவோம். எளிய அறை ஓர் இரவுக்கு 1,200 ரூபாய், விடுதியின் தோப்பில் கூடாரம் அடிக்க 400 ரூபாய் என்று கொண்டால், ஆறு இரவுகளில் கூடாரம் மிச்சப்படுத்துவது 4,800 ரூபாய்தான். படகை மாற்றியதில் மிச்சமானதோ 6,000 ரூபாய். இவை கணக்குக்காக எடுத்துக்கொண்ட தோராயமான தொகைகள். நீங்கள் போகும் காலத்தில் கட்டணம் மாறியிருக்கும். ஆனாலும் இந்த விகிதம் பெரிதாக மாறுவதில்லை. தீவுகளைக் குறைத்து ஒரே இடத்தில் இரவுகளைக் கூட்டினால் செலவு தானாகவே இறங்கிவிடும் என்பதால், நான்கு நாள்களில் ஐந்து தீவுகள் என்ற வகைத் திட்டத்தை எடுத்த எடுப்பிலேயே தள்ளிவிடுங்கள்.

எந்த மாதத்தில் போவது

ஆண்டுதோறும் தென்மேற்குப் பருவமழை இந்திய மண்ணை முதலில் தொடும் இடம் அந்தமான் நிக்கோபார் தீவுகள்தான். கேரளத்துக்கு மழை வருவதற்கு ஒரு வாரத்துக்கும் மேல் முன்பாகவே, மே மாதத்தின் மூன்றாவது வாரத்தையொட்டி அங்கே மழை தொடங்கிவிடும். அது செப்டம்பர் வரை நீடிக்கிறது. அதன்பின் அக்டோபர், நவம்பர் மாதங்களில் வங்கக் கடலில் உருவாகும் தாழ்வுநிலைகளும் புயல்களும் படகுப் போக்குவரத்தை அடிக்கடி நிறுத்தி வைக்கின்றன. கூடாரத்தில் தங்குவதற்கு ஜனவரி முதல் ஏப்ரல் தொடக்கம் வரையிலான காலமே ஏற்றது. டிசம்பர் இறுதியும் புத்தாண்டும் கூட்டம் மிகுந்த நாள்கள்; விமானக் கட்டணமும் அறை வாடகையும் அப்போது உச்சத்தில் இருக்கும். ஜனவரி நடுவிலிருந்து மார்ச் நடுவரை உள்ள வார நாள்களைத் தேர்ந்தெடுத்தால் மழையும் குறைவு, செலவும் குறைவு. ஏப்ரலில் வெயிலும் புழுக்கமும் கூடும். கிணறுகளில் தண்ணீரும் வற்றத் தொடங்கும்.

தேதியைக் குறிக்கும்போது நாள்காட்டியில் அமாவாசையும் பௌர்ணமியும் எப்போது வருகின்றன என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நாள்களையொட்டிக் கடலின் ஏற்றவற்றம் மிகுதியாக இருக்கும். போர்ட் பிளேர்ப் பகுதியில் நீர்மட்டம் ஏறத்தாழ இரண்டு மீட்டர் வரை ஏறி இறங்கும். அந்த நாள்களில் போகக்கூடாது என்பதில்லை. கூடாரத்தை எவ்வளவு மேலே அடிப்பது என்பதை முடிவு செய்ய அது உதவும்.

இன்னொன்றும் உண்டு. அந்தமான் நமக்குக் கிழக்கே வெகுதொலைவில் இருந்தாலும் கடிகாரம் இந்திய நேரத்தையே காட்டுகிறது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் மாலை ஐந்தரைக்குள் சூரியன் மறைந்துவிடும். ஐந்தே முக்காலுக்கு நல்ல இருட்டு. சென்னையில் பழகியதுபோல ஆறு மணிக்குக் கூடாரம் அடிக்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். நான்கு மணிக்குள் கூடாரம் நின்றாக வேண்டும்.

கப்பலா, விமானமா

சென்னைத் துறைமுகத்திலிருந்து போர்ட் பிளேருக்கு அரசுப் பயணிகள் கப்பல் மாதத்தில் சில முறை புறப்படுகிறது. கடல்வழித் தொலைவு ஏறத்தாழ 1,190 கிலோமீட்டர். பயணம் அறுபது மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகும். பங்க் எனப்படும் பொதுப் படுக்கை வகுப்பே எல்லாவற்றிலும் மலிவு. பெரிய கூடத்தில் வரிசை வரிசையாகக் கட்டில்களும் பொதுக் கழிவறையும் இருக்கும். சாப்பாட்டுக்குத் தனியே பணம் கட்ட வேண்டும். விமானம் இரண்டே கால் மணி நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே பதிவு செய்தால் கட்டணத்தில் கப்பலுக்கும் அதற்கும் பெரிய இடைவெளி இருக்காது.

கையில் மூன்று வாரம் விடுமுறை உள்ளவர்களுக்கும், கடற்பயணத்தையே அனுபவமாக விரும்புகிறவர்களுக்கும் ஒருவழிக் கப்பல் பயணத்தை மனமாரப் பரிந்துரைப்பேன். பத்து நாள் விடுப்பில் போகிறவர்களுக்கு இருவழிக் கப்பல் பயணம் வீண். ஆறு நாள் கடலிலேயே போய்விடும். கப்பலின் புறப்பாட்டுத் தேதிகள் வெகு முன்னதாக வெளியாவதில்லை. வெளியான பிறகும் வானிலையாலோ பழுதாலோ தள்ளிப்போவது உண்டு. எனவே கப்பலில் போவதாக இருந்தால் போகும் வழிக்கு அதை வைத்துக்கொண்டு, திரும்பும் வழிக்கு விமானத்தைப் பதிவு செய்யுங்கள். நேர்மாறாகச் செய்தால் கப்பலுக்காகப் போர்ட் பிளேரில் காத்திருக்கும் நாள்களின் அறை வாடகை, மிச்சப்படுத்திய பணத்தை விழுங்கிவிடும்.

விமானத்தில் போகிறவர்கள் கூடாரத்தின் கம்பிகளையும் முளைகளையும் சரக்குப் பையில்தான் போட வேண்டும். கையோடு கொண்டுபோக விடமாட்டார்கள். சமையலுக்கான எரிவாயுக் குப்பி, ஸ்பிரிட், திட எரிபொருள் வில்லைகள் ஆகியவற்றை எந்தப் பையிலும் வைக்கக்கூடாது. பவர் பேங்க் நேர்மாறானது. அது கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

எந்தத் தீவைத் தேர்ந்தெடுப்பது

முதன்முறை கூடாரத்தில் தங்குகிறவர்களுக்கு நீல் தீவே பொருத்தம். 2018 டிசம்பரில் இதன் பெயர் ஷாஹீத் தீவு என்று மாற்றப்பட்டது. ஹேவ்லாக் அப்போதுதான் சுவராஜ் தீவானது. படகுச் சீட்டில் புதிய பெயர்கள் இருக்கும், மக்களின் வாயில் பழைய பெயர்களே இருக்கும். (போர்ட் பிளேருக்கும் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் சூட்டப்பட்டுள்ளது.) நீல் சின்னஞ்சிறு தீவு. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மிதிவண்டியிலேயே போய்விடலாம் என்பதால் ஸ்கூட்டர் வாடகை மிச்சம். காய்கறி விளையும் தீவு என்பதால் சந்தையில் கத்தரிக்காயும் வெள்ளரியும் புதிதாகக் கிடைக்கும். பரத்பூர், லட்சுமண்பூர், சீதாபூர் என்று கடற்கரைகளுக்கும் ஊர்களுக்கும் இராமாயணப் பெயர்கள்.

ஹேவ்லாக்கில் வசதிகள் அதிகம், கூட்டமும் அதிகம். அங்கே ஊர்களையும் கடற்கரைகளையும் எண்ணால் குறிப்பிடுவார்கள்: மூன்றாம் எண் கோவிந்த நகர், ஐந்தாம் எண் விஜய நகர், ஏழாம் எண் ராதாநகர். எளிய விடுதிகளும் தென்னந்தோப்புகளும் மூன்றுக்கும் ஐந்துக்கும் இடையில்தான் இருக்கின்றன. ராதாநகர் படகுத்துறையிலிருந்து ஏறத்தாழ 12 கிலோமீட்டர். பேருந்து உண்டு, ஆனால் நாளுக்குச் சில முறைதான். அதன் நேரத்தைப் படகிலிருந்து இறங்கியவுடன் துறையிலேயே கேட்டு எழுதி வைத்துக்கொண்டால் ஆட்டோவுக்குக் கொடுக்கும் சில நூறுகள் மிஞ்சும்.

அமைதியை நாடுகிறவர்களுக்கு லாங் தீவு இருக்கிறது. மத்திய அந்தமானில் ரங்கத் வரை பேருந்தில் போய், அருகிலுள்ள எரட்டா துறையில் படகேறினால் ஒரு மணி நேரப் பயணம். அந்தத் தீவின் மறுபுறத்தில் லாலாஜி விரிகுடா உள்ளது. காட்டுப் பாதையில் நடந்தோ டிங்கிப் படகிலோ அங்கே போகலாம். லாங் தீவில் கடைகள் ஒரு கை விரலுக்குள் அடங்கிவிடும். வடக்குக் கோடியிலுள்ள திக்லிப்பூருக்குப் போர்ட் பிளேரிலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர். பேருந்தில் ஒரு முழு நாள் போய்விடும். ராஸ், ஸ்மித் என்னும் இரு தீவுகளை இணைக்கும் மணல்திட்டும், 732 மீட்டர் உயரமுள்ள சேடில் பீக் மலையும் பார்க்க வேண்டியவையே. ஆனால் இரண்டு வாரத்துக்குக் குறைவான பயணத்தில் திக்லிப்பூரைச் சேர்க்க வேண்டாம் என்பதே என் கருத்து.

ரங்கத்துக்கும் திக்லிப்பூருக்கும் போகும் சாலை ஜாரவா பழங்குடியினரின் காப்புக்காட்டின் ஊடே செல்கிறது. ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வாகனங்களை வரிசையாக நிறுத்தி, குறித்த நேரங்களில் காவல் துறையினரின் துணையோடு அனுப்புவார்கள். அந்த வழியில் வண்டியை நிறுத்துவதும், படம் எடுப்பதும், சாலையோரம் தென்படுகிறவர்களுக்கு உணவு கொடுப்பதும் 1956 ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறையின்கீழ்க் குற்றமாகும். விடியற்காலைப் பேருந்தில் ஏறினால் முதல் வரிசையிலேயே கடந்துவிடலாம்.

கூடாரம் அடிக்க இடம்

இதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். இணையத்தில் காணும் படங்களில் ஆளில்லாக் கடற்கரையில் ஒற்றைக் கூடாரம் நிற்பதைப் பார்த்து, அந்தமானில் எங்கு வேண்டுமானாலும் முளையடித்துப் படுக்கலாம் என்று எண்ணிவிடக்கூடாது. தீவுகளின் பெரும்பகுதி காப்புக்காடு. கடற்கரையை ஒட்டிய மரக்கூட்டமும் பல இடங்களில் வனத்துறையைச் சேர்ந்தது. மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்த தீவுகளுக்குப் பகலில் போய் வரலாமே தவிர இரவு தங்க முடியாது. பழங்குடியினர் காப்புப் பகுதிகளும் நிக்கோபார் தீவுகளும் சுற்றுலாப் பயணிகளுக்கு மூடப்பட்டவை. ஆளில்லாத் தீவு ஒன்றுக்கு இரவில் அழைத்துப் போகிறேன் என்று எந்தப் படகோட்டி சொன்னாலும் மறுத்துவிடுங்கள். பிடிபட்டால் வழக்கு உங்கள் மீதும்தான் பாயும்.

செலவு குறைவாகவும் சட்டத்துக்கு உட்பட்டும் தங்க இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, தனியார் விடுதி அல்லது வீட்டுத் தங்குமிடத்தின் தோப்பில் கூடாரம் அடிப்பது. குடில்கள் நிரம்பிய பருவத்தில்கூடத் தோப்பில் இடம் இருக்கும்; கழிவறையும் குளியலறையும் கிணற்றுத் தண்ணீரும் அங்கேயே கிடைத்துவிடும். முன்கூட்டியே தொலைபேசியில் கேட்பதைவிட நேரில் போய்ப் பேசினால்தான் விலை படியும். கேட்கும்போது ஒரே நாளுக்கு என்று கேட்காமல், மூன்று இரவு தங்குவோம், இரவுச் சாப்பாடு உங்களிடமே சாப்பிடுவோம் என்று சேர்த்துப் பேசுங்கள். தோப்புக்காரருக்குக் கூடார வாடகையைவிடச் சாப்பாட்டில் கிடைக்கும் வருமானமே முக்கியம் என்பதால், பல சமயம் வாடகையைக் குறைக்க அவரே முன்வருவார். இந்தி தெரிந்திருந்தால் போதும். ஹேவ்லாக்கிலும் நீலிலும் பெரும்பாலோர் கிழக்கு வங்கத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தினர் என்பதால் வங்காளத்தில் இரண்டு சொல் பேசினால் முகம் மலரும். போர்ட் பிளேர்க் கடைத்தெருவில் தமிழே போதும்.

இரண்டாவது வழி, வனத்துறையின் அனுமதி பெற்று, அவர்கள் காட்டும் இடத்தில் தங்குவது. லாலாஜி விரிகுடா போன்ற இடங்களுக்கு இது கட்டாயம். அந்தந்தத் தீவின் வனச்சரக அலுவலகத்திலோ, போர்ட் பிளேர் ஹாடோ பகுதியிலுள்ள வனத்துறைத் தலைமையகமான வன சதனிலோ விசாரிக்கலாம். பெயர்கள், தங்கும் தேதிகள், இடம், ஆள்களின் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறிப்பிட்டு ஒரு விண்ணப்பமும் அடையாள அட்டை நகல்கள் நான்கைந்தும் தயாராக வைத்திருங்கள். சனி, ஞாயிறுகளில் அலுவலகம் பூட்டியிருக்கும். வெள்ளிக்கிழமை பிற்பகலில் போய் நிற்பதும் அதற்குச் சமமே. அனுமதி மறுக்கப்படலாம் என்பதையும் கணக்கில் கொண்டு, மாற்றாக ஒரு தோப்பைக் கேட்டு வைத்துக்கொண்ட பிறகே இதற்கு முயலுங்கள்.

இலங்கை, மலேசியா, சிங்கப்பூரிலிருந்து வரும் தமிழர்கள் தங்களுக்குரிய அனுமதி விதிகளைப் புறப்படும் முன் சரிபார்த்துக்கொள்வது அவசியம். 2018 இல் பல தீவுகளுக்கு வெளிநாட்டவருக்கான கட்டுப்பாடு தளர்த்தப்பட்டது. ஆயினும் வந்தவுடன் பதிவு செய்யும் கடமை நீங்கவில்லை.

மணலில் கூடாரம் நிற்க

கூடாரத்துக்குக் கடற்கரையில் இடம் பார்க்கும்போது முதலில் கீழே பாருங்கள். காய்ந்த கடற்பாசி, தேங்காய் மட்டை, பிளாஸ்டிக் துண்டுகள் ஆகியவை ஒரு கோடாக ஒதுங்கிக் கிடக்கும். அன்றைய அலை ஏறிய எல்லை அது. அதற்கு மேலே, கொஞ்சம் வெளுத்துப் போன பழைய குப்பைக் கோடு ஒன்றும் இருக்கும். அமாவாசை, பௌர்ணமியையொட்டிய உவா நாள்களில் கடல் அதுவரை வந்திருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. கூடாரம் அந்தப் பழைய கோட்டுக்கும் மேலே, செடிகொடிகள் வேர்விட்ட இடத்தில் இருக்க வேண்டும். அடப்பங்கொடி படர்ந்திருக்கும் மணல் பெரும்பாலும் பாதுகாப்பானது.

பிறகு மேலே பாருங்கள். தென்னை மரத்தடியில் கூடாரம் அடிக்கவே கூடாது. தேங்காய் மட்டுமல்ல, காய்ந்த மட்டை விழுந்தாலே கூடாரத்தின் கம்பி முறியும். கடற்கரையில் பந்தல்போல் நிற்கும் பெருமரங்களின் நிழல் நல்லதுதான், பட்டுப்போன கிளை எதுவும் தலைக்கு மேல் தொங்காதவரை.

சாதாரண முளை மணலில் நிற்காது. ஒரு காற்று வீசினால் அத்தனையும் பிடுங்கிக்கொண்டு வரும். இதற்குச் சிறிய துணிப் பைகள் எட்டுப் பத்து எடுத்துப் போங்கள். பழைய கால்சட்டையின் துணியில் வீட்டிலேயே தைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பையிலும் ஈர மணலை நிரப்பி வாயைக் கட்டி, கூடாரத்தின் கயிற்றை அதில் முடிந்து, முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டிப் புதைத்து, மேலே மணலைப் போட்டு மிதித்துவிடுங்கள். கயிறு கூடாரத்திலிருந்து சாய்வாக இறங்க வேண்டும். நேர் செங்குத்தாக இழுத்தால் பை மேலே வந்துவிடும். பை இல்லாவிட்டால் கையளவு கட்டையின் நடுவில் கயிற்றைக் கட்டிக் கிடைமட்டமாகப் புதைத்தாலும் பிடிப்பு அதேதான்.

வெப்பமண்டலத்தில் கூடாரத்தின் முதல் வேலை காற்றை உள்ளே விடுவது. வலைத்துணி அதிகமுள்ள, இரட்டை அடுக்குக் கூடாரத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒற்றை அடுக்குள்ள மலிவுக் கூடாரத்தில் விடிவதற்குள் உள்ளே வியர்வை நீர் சொட்டும். மழை இல்லாத இரவில் மேலுறையைப் பாதி சுருட்டிக் கட்டி, வாசலைக் கடற்காற்று வரும் பக்கம் திருப்புங்கள். கூடாரத்தின் அடியில் விரிக்கும் தார்ப்பாய் கூடாரத்தின் அடிப்பரப்பைவிடச் சற்றுச் சிறியதாக இருக்கட்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைநீரை ஏந்தி அடியில் கொண்டுவந்து சேர்த்துவிடும். உறங்கும் பை தேவையில்லை. ஒரு பருத்திப் போர்வையும் காற்றூதும் மெத்தையும் போதும். கூடாரம் இல்லாதவர்கள் ஒரே ஒரு பயணத்துக்காகப் புதிதாக வாங்காமல், சென்னையிலோ பெங்களூரிலோ மலையேற்றப் பொருள்களை வாடகைக்கு விடும் கடையில் எடுப்பது நல்லது. எடுக்கும் முன் கடையிலேயே விரித்து, ஜிப் எல்லாம் ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

முதலை, மணல் ஈ, ஆமை

அந்தமானின் சதுப்புநில ஓடைகளில் உவர்நீர் முதலைகள் வாழ்கின்றன. 2010 இல் ஹேவ்லாக்கில் ராதாநகரை அடுத்த கடலில் ஓர் அமெரிக்கப் பெண்மணி முதலை தாக்கி இறந்தார். அதன்பின் பல கடற்கரைகளில் எச்சரிக்கைப் பலகைகள் வைக்கப்பட்டுள்ளன. சில இடங்களில் பாதுகாப்பு வலை கட்டிய பகுதிக்குள் மட்டுமே குளிக்க விடுகிறார்கள். உள்ளூரில் நாலா என்று சொல்லும் ஓடை கடலில் கலக்கும் இடத்துக்கு அருகில் கூடாரம் அடிக்காதீர்கள். அந்த ஓடையில் மீன் கழுவுவதோ பாத்திரம் துலக்குவதோ கூடாது. பொழுது சாய்ந்த பிறகும் விடிவதற்கு முன்பும் நீரில் இறங்குவதை அறவே தவிர்த்துவிடுங்கள்; கடல் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் சரி.

அன்றாடத் தொல்லை என்று பார்த்தால் மணல் ஈதான். கண்ணுக்கு எளிதில் தெரியாது. கடித்த இடம் மறுநாள்தான் தடிக்கும், சொறிந்தால் புண்ணாகும், ஈரக் காற்றில் அந்தப் புண் ஆற நாளாகும். வெறும் மணலில் உட்காராமல் பாயில் உட்காருவதும், மாலையில் முழுக்கால் சட்டை அணிவதும், திறந்திருக்கும் தோலில் தேங்காய் எண்ணெயைத் தாராளமாகப் பூசிக்கொள்வதும் அங்குள்ளவர்கள் கடைப்பிடிக்கும் வழிகள். இரவில் காலணியை வெளியே விட்டிருந்தால் காலையில் தட்டிப் பார்த்துப் போடுங்கள், அந்தமானின் பூரான் பெரியது, கடித்தால் வலியும் கடுமையானது. கூடாரத்தின் ஜிப்பை ஒரு நிமிடத்துக்குக்கூடத் திறந்து வைக்க வேண்டாம். காய்ச்சல் வந்தால் மலேரியாவுக்கான பரிசோதனையைத் தள்ளிப்போடக்கூடாது. ஹேவ்லாக்கில் ஆரம்ப சுகாதார நிலையம் உண்டு. பெரிய சிகிச்சை எதுவானாலும் போர்ட் பிளேர் ஜி.பி. பந்த் மருத்துவமனைக்குத்தான் வர வேண்டும்.

திக்லிப்பூர் அருகே காளிப்பூர் போன்ற கடற்கரைகளில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கடலாமைகள் முட்டையிடக் கரையேறும். அந்தக் காலத்தில் அங்கே மணலில் கூடாரமும் வெள்ளை விளக்கும் ஆகாது. சிவப்பு ஒளி தரும் தலைவிளக்கு கையில் இருப்பது எந்தத் தீவிலும் நல்லது. பூச்சிகளும் அதற்கு அவ்வளவாக வருவதில்லை. பவளத்துண்டு, சங்கு, சிப்பி எதையும் பையில் போடாதீர்கள். பவளம் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் உள்ளது, விமான நிலையத்தில் பையை ஊடுருவிப் பார்க்கும்போது சிக்கிவிடும்.

சாப்பாடும் தண்ணீரும்

முகாம் என்றாலே அடுப்பு மூட்டிச் சமைக்க வேண்டும் என்ற ஆசை எழும். அந்தமானில் அதை விட்டுவிடுவதே சிக்கனம். எரிபொருளை விமானத்தில் கொண்டுபோக முடியாது. காட்டு நிலத்தில் விறகு பொறுக்கித் தீ மூட்டுவது தண்டனைக்குரியது. மேலும், கடைத்தெருவிலுள்ள சிறு உணவகங்களில் கிடைக்கும் மீன் சாப்பாடு, நீங்கள் சமைக்கும் செலவை ஒட்டியே வரும். ஹேவ்லாக்கில் மூன்றாம் எண் சந்தையையொட்டிய வங்காளக் கடைகளில் சோறு, பருப்பு, ஒரு காய், கடுகெண்ணெயில் செய்த மீன் குழம்பு என்று வயிறு நிறையும். காலையில் லூச்சி எனப்படும் மைதா பூரியும் உருளைக்கிழங்கும் கிடைக்கும். கடலைப் பார்த்த மேசையுள்ள உணவகத்தில் அதே மீனுக்கு இரண்டு மூன்று மடங்கு கொடுக்க வேண்டியிருக்கும். மதியம் சந்தையில் சாப்பிட்டு, இரவு தோப்புக்காரர் வீட்டில் சாப்பிடுவது என்று வைத்துக்கொண்டால் ஒருவருக்கு நாளொன்றுக்கு 400 முதல் 500 ரூபாய் ஒதுக்கினால் போதுமானதாக இருக்கும்.

ஊரிலிருந்து எடுத்துச் செல்லக்கூடியவை அவல், பொரிகடலை, வெல்லம், பேரீச்சம்பழம், புளிக்காய்ச்சல். அவலைத் தண்ணீரில் ஊறவைத்து வெல்லமும் துருவிய தேங்காயும் சேர்த்தால் அடுப்பில்லாமலே காலை உணவு முடிந்துவிடும். படகு தாமதமாகும் நாளிலும், லாங் தீவில் கடை சாத்திய பிறகும் இவையே கைகொடுக்கும். எதையும் மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். பிளாஸ்டிக் பையை எலி ஒரே இரவில் கடித்துத் துளைத்து, கூடவே கூடாரத்தின் துணியையும் கடித்துவிடும்.

குடிக்க ஒருவருக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் என்று கணக்கிடுங்கள். மடக்கி வைக்கக்கூடிய ஐந்து லிட்டர்ப் பை ஒன்றும், ஆளுக்கொரு நல்ல பாட்டிலும் எடுத்துக்கொண்டு, தங்குமிடத்திலோ உணவகத்திலோ சுத்திகரித்த நீரை நிரப்பிக்கொள்வதே மலிவு. கிணற்று நீரைக் குளோரின் மாத்திரை போட்டு அரை மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். இளநீரை விலை கேட்டுக் குடியுங்கள். தீவில் தென்னை நிறைய இருப்பதால் மலிவாக இருக்கும் என்ற நம்பிக்கை சுற்றுலாக் கடற்கரைகளில் பொய்க்கும்.

பணமும் தொலைபேசியும்

2020 ஆகஸ்டில் சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே கடலடிக் கம்பிவடம் செயல்படத் தொடங்கிய பிறகு இணையம் வெகுவாக மேம்பட்டுள்ளது. எனினும் சிறு தீவுகளில் செல்பேசிப் பணப்பரிமாற்றத்தை மட்டும் நம்ப வேண்டாம். போர்ட் பிளேரிலேயே மூன்று நான்கு நாள்களுக்கான ரொக்கத்தை எடுத்து, நூறு ரூபாய்த் தாள்களாக மாற்றி, நீர் புகாத உறையில் இருவரிடமும் பிரித்து வையுங்கள்.

படகும் கடைசி நாள்களும்

அரசுப் படகுச் சீட்டுகள் புறப்பாட்டுக்குச் சில நாள்கள் முன்புதான் விற்பனைக்கு வருகின்றன. தீவுவாசிகளுக்கே முன்னுரிமை, அது நியாயமும்கூட. எனவே போர்ட் பிளேரில் இறங்கிய அன்றே ஃபீனிக்ஸ் பே துறைக்குப் போய், அடுத்த புறப்பாட்டில் இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். ஹேவ்லாக்குக்கு இரண்டு முதல் இரண்டரை மணி நேரம் ஆகும்; தனியார் படகு ஒன்றரை மணி நேரத்தில் போகும். குளிரூட்டிய கூண்டுக்குள் அடைந்து போவதைவிட மேல்தளத்தில் காற்றில் நின்று, பறக்கும் மீன்களைப் பார்த்துக்கொண்டு போவதே எனக்குப் பிடித்தம். அலை மிகுந்த நாளில் குமட்டலும் அங்கே குறைவு. இடம் கிடைக்காவிட்டால் ஒரே ஒரு பயணத்துக்கு மட்டும் தனியார் படகை எடுத்துக்கொண்டு, மற்றவற்றுக்கு அரசுப் படகைப் பிடியுங்கள். மொத்தத் திட்டத் தொகையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கை இத்தகைய தடங்கலுக்காகத் தனியே வைத்துவிட்டால் இடையில் கையைப் பிசைய வேண்டியதில்லை.

வெளித்தீவிலிருந்து திரும்பும் அன்றே விமானம் ஏறும் திட்டம் வேண்டவே வேண்டாம். கடல் கொந்தளித்தால் எல்லாப் படகுகளும் நின்றுவிடும். விமானம் உங்களுக்காக நிற்காது. குறைந்தது ஓர் இரவு முன்னதாகப் போர்ட் பிளேருக்கு வந்துவிடுங்கள். பயணம் முழுவதும் கூடாரத்தில் படுத்தவர்களும் அன்று ஓர் அறை எடுத்துக்கொள்ளலாம். குளியலறையில் நல்ல தண்ணீரில் கூடாரத்தின் கம்பிகளையும் ஜிப்பையும் முளைகளையும் அலசி, மொட்டைமாடியில் நிழலில் காயவைத்து, மணலை உதறிவிட்டு மடிக்க அந்த மாலை நேரம் வேண்டும். உப்போடு மடித்த ஜிப் ஊருக்கு வந்து சேர்ந்த சில வாரங்களில் பல் இறுகி நகராமல் போகும். வாடகைக் கூடாரமாக இருந்தால் அந்த ஜிப்பின் விலையும் பயணச் செலவில் ஏறிவிடும்.